தவளையின் ரிவர்ஸ் கியர்

மார்ச் 3

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

நேற்று உங்கள் ஸ்டுடியோ போன் அடித்து, நீங்கள் எடுத்ததும் ஒரு வார்த்தை பேசாமல் வைத்தது யார் என்று திட்டியிருப்பீர்கள். நான்தான். முந்தாநாளும் நானேதான். வாயைத் திறந்தால் எனக்குக் கேலிதான் முந்திக்கொண்டு வரும். எழுதினால் அடித்துத் திருத்தலாமே என்று என் வீட்டுக்காரி பேனாவைக் கையில் திணித்தாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேத்தி பிறந்தநாளில் நான் பேசியது எனக்கே இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. "தவளை எங்கே, இன்னும் ரெடியாகலையா?" என்று உங்கள் தம்பி என்னிடம் ரிப்பேருக்கு வந்திருந்த உங்கள் காரைப் பற்றிச் சும்மாதான் கேட்டார். நானும் சும்மா பதில் சொல்லியிருக்கலாம். "எங்கே ரெடியாகுது? சம்பந்தி கியர் போடறதில்லைங்க, கியரோட மல்யுத்தம் பண்றாரு! உள்ளே பல்லு பூரா உதிர்ந்திருக்கும். போட்டோவுக்கு உக்காரத்தான் அவர் டிரைவர்" என்றேன். வீடே சிரித்தது. நீங்கள் கேக் தட்டை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு மாடிக்குப் போனீர்கள். அப்புறம் இறங்கவே இல்லை. அதிலிருந்து என் மகள் போன் செய்தால் "சாப்பிட்டீங்களாப்பா?" என்பதோடு சரி. சாப்பிட்டேன் என்று சொல்வதற்குள் வைத்துவிடுகிறாள்.

இப்போது விஷயம் இன்னும் கேவலம். என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துத் தூக்கி வெளியே எடுத்து, பெட்டியைப் பிரித்து, எல்லாவற்றையும் பட்டறை மேசைமேல் பரப்பியிருக்கிறேன். உங்களிடம் காட்ட ஓர் உடைந்த பல்லைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் தவளைக் கண் மாதிரி விளக்கு வைத்துச் செய்த, இரண்டு பேர் உட்காரும் கார், அதன் பல் என் பல்லைவிட நன்றாக இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வண்டியை ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டபோதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. என்ஜின் ஓடாமல் இருக்கும்போது கியர் எப்படி விழும்?

இப்படிக்கு,
வாய் நீண்ட சம்பந்தி


மார்ச் 8

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. போன் செய்தது நீங்கள்தான் என்று அன்றே தெரியும். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

கேட்டதற்குப் பதில். என்ஜின் ஓடாதபோது எல்லாக் கியரும் சுலபமாக விழும், ரிவர்ஸ் உட்பட. என்ஜின் ஓடும்போது ரிவர்ஸ் போட்டால் தகரத்தை அறுப்பதுபோல் அலறும். அதனால் வெகுநாளாக ரிவர்ஸ் போடுவதையே விட்டுவிட்டேன். பின்னால் போக வேண்டுமென்றால் இறங்கித் தள்ளுவேன். போட்டோ எடுக்க வந்த மணமக்களும் சில சமயம் தள்ளியிருக்கிறார்கள்.

வண்டியை விற்பதாக முடிவு செய்துவிட்டேன். வாங்குகிறவர் இந்த மாதக் கடைசியில் வருகிறார். எப்படி இருக்கிறதோ அப்படியே பூட்டி வையுங்கள்.

உங்கள் மகள்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் எங்கள் வீட்டுப் பெண். ஆனால் நம் இருவருக்குள் இனி வண்டிப் பேச்சு வேண்டாம். மற்றப் பேச்சும் குறைவாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
பேத்தியின் தாத்தா


மார்ச் 13

சம்பந்திக்கு,

நானும் அவளுக்குத் தாத்தாதான். அந்த உரிமையில் இன்னொரு கடிதம்.

உங்கள் பதிலைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன், ஸ்பானர் கையில் இருப்பதை மறந்து. வீக்கம் இன்னும் வற்றவில்லை.

என்ஜின் நின்றால் கியர் விழுகிறது, ஓடினால் அலறுகிறது என்றால் கியர்பாக்ஸ் யோக்கியன் என்று அர்த்தம். கிளட்ச்சை மிதித்தால் என்ஜின் வேறு, கியர் வேறு என்று முழுசாகப் பிரிய வேண்டும். உங்கள் வண்டியில் பாதிதான் பிரிந்தது. அந்தப் பாதியில் கியர் போட்டால் யார் போட்டாலும் அலறும். நான் போட்டாலும் அலறும். போட்டேன், அலறியது. அப்போதும் உங்கள்மேல்தான் பழி சொன்னேன்.

பெடலுக்கும் அதன் பின்னால் போகிற கம்பிக்கும் நடுவில் ஒரு சின்னப் பின் இருக்கிறது, சுண்டுவிரல் அளவு. இரண்டையும் கோத்துப் பிடிப்பது அதுதான். அது தேய்ந்து தொளதொளவென்று ஆடியது. நீங்கள் மிதித்த மிதியில் பாதி அந்த ஆட்டத்திலேயே வீணாகிவிட்டது. குனிந்து டார்ச் அடித்திருந்தால் தெரிந்திருக்கும். காலில் முள் குத்தியவனுக்கு நான் வயிற்றைக் கிழித்துப் பார்த்திருக்கிறேன். இருபத்தைந்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன் என்று இனிமேல் யாரிடமும் சொல்லமாட்டேன்.

புதுப் பின் கடைந்து போட்டாயிற்று. ஆனால் பிரித்ததைப் பூட்ட வேண்டுமே. உள்ளே ஒரு தண்டைச் சுற்றி ஊசி ஊசியாகக் குட்டி உருளைகள் நிற்க வேண்டும். கிரீஸ் தடவி ஒட்டவைத்தால் கடைசி ஒன்றை வைக்கும்போது முதல் ஒன்று விழும். வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். "தள்ளுங்க" என்றாள். புருவம் திருத்துகிற இடுக்கியால் ஒவ்வொன்றாக வைத்தாள், ஒன்றும் விழவில்லை. "வாய மூடிக்கிட்டு வேலை செஞ்சா விழாது" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

நான் உங்களை நாலு பேர் முன்னால் பேசினேன். அதே நாலு பேர் முன்னால் வந்து என் தப்பைச் சொல்கிறேன். விற்பதானால் அதற்கப்புறம் விற்றுக்கொள்ளுங்கள்.

வெட்கத்துடன்,
உங்கள் சம்பந்தி


மார்ச் 18

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டுடியோவின் இருட்டறையில் வைத்துப் படித்தேன். என் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான்.

பின் தேய்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே இருந்தது பின் இல்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது என் கடை ஆணி. போட்டோ பிரேம் மாட்டுகிற ஆணி.

போன வருஷம் ஒரு கல்யாண ஜோடி உட்கார்ந்திருக்கும்போதே பின் நழுவி எங்கேயோ விழுந்துவிட்டது. அவர்கள் முன்னால் அவமானப்படக்கூடாது என்று பையில் இருந்த ஆணியைச் செருகி, நுனியை மடக்கிவிட்டேன். நாளைக்குச் சரி செய்யலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை.

பிறந்தநாளன்று நான் மாடிக்குப் போனது உங்கள் கேலியால் மட்டும் இல்லை. வண்டியை இவர் பிரித்துவிட்டார், ஆணியைப் பார்த்துவிட்டார், அதைத்தான் சுற்றிவளைத்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். உங்கள் கடிதம் வந்ததும் அது இல்லை என்று புரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். விற்றுவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகும் என்று கணக்குப் போட்டேன்.

ஆணியைப் பார்த்த பிறகும் நீங்கள் 'பின்' என்று எழுதினீர்கள். என்னைக் கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் உங்களுக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது. அதை விட்டுவிட்டீர்கள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வாங்குகிறவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறேன். வண்டியோடு வாருங்கள். தப்பை யார் சொல்வது என்று வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


மார்ச் 24

அன்புச் சம்பந்திக்கு,

நேற்று நான் வந்தபோது அவசரமாக யாருக்கோ பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குப் போய்விட்டீர்களாம். தப்பை நீங்கள் சொல்வதற்குள் முந்திக்கொண்டுவிட வேண்டும் என்று நீங்கள் இல்லாத நேரத்திலேயே நான் சொல்லிவிட்டேன். உங்கள் தம்பி, அவர் வீட்டுக்காரி, பக்கத்து வீட்டு டெய்லர், மாப்பிள்ளை, என் மகள், எல்லோரும் இருந்தார்கள். "சம்பந்தி கால்ல ஒரு குத்தமும் இல்லைங்க. என் கண்லதான் குத்தம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். என் மகள் மட்டும் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "சாப்பிடுங்கப்பா" என்றாள். இந்தமுறை சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

ஆணியைப் பற்றி வாய் திறக்கவில்லை. நீங்களும் திறக்க வேண்டாம். என் பட்டறைச் சுவரில் அதை அடித்து, நீங்கள் எடுத்த பேத்தி போட்டோவை மாட்டியிருக்கிறேன். அந்த வேலைக்கு அது நன்றாகவே நிற்கிறது.

வண்டி எப்படி ஓடுகிறது என்று உங்கள் தம்பி கேட்டார். காட்டலாமே என்று ஏறி உட்கார்ந்தேன். எல்லாக் கியரும் வெண்ணெயாக விழுகின்றன. ரிவர்ஸ் விழுகிற சத்தமே கேட்கவில்லை. விழுந்தது எனக்குத் தெரியவில்லை.

பின்னால் இருந்த உங்கள் கேட்டின் இடது கதவு, நெளிவு எடுக்க என் பட்டறையில் இருக்கிறது. வலது கதவை அங்கேயே விட்டிருக்கிறேன். அதை மூடிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி