நான் நீக்கிய இருபத்தொன்பதாம் தேதி

தஞ்சாவூர்
26.11.1999

அன்பு மகள் லின்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, அம்மா நன்றாக இருக்கிறாள், எனக்கும் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை, பூண்டி மாதா காப்பாற்றிக்கொண்டு வருகிறாள். அங்கே நீங்கள் இருவரும் சுகமாக இருக்கவேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். இருவரும் என்று எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பாய். இங்கே மழை இந்த வருடம் அளவாகப் பெய்திருக்கிறது, சம்பாப் பயிர் தெளிந்து நிற்கிறது என்கிறார்கள், நம் கொல்லைப்புறச் சுவர்தான் ஊறிப்போய் எப்போது விழலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே.

முதலில் நல்ல சேதி. உன் படங்கள் போட்ட காலண்டர் ஆயிரத்து ஐந்நூறும் அச்சாகி, மேலே தகரப்பட்டை வைத்து, லாரியில் ஏறி முத்துப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. அம்மா போனில் அரைகுறையாகச் சொல்லியிருப்பாள், நான் ஆதியிலிருந்து சொல்கிறேன். ரிட்டயர் ஆனபிறகு நான் சாமிதுரையின் அச்சகத்தில் புரூஃப் பார்க்கப் போவது உனக்குத் தெரியும். முத்துப்பேட்டையில் அரிசி மில் வைத்திருக்கும் அஹமது கபீர் அங்கே வந்து இரண்டாயிரமாம் வருடத்துக்குக் காலண்டர் வேண்டும் என்றார். எம் மில்லுக்கு எல்லாரும்தான் வர்றாங்க சார், சாமி படம் போட்டா ஒருத்தருக்கு ஆகும் ஒருத்தருக்கு ஆகாது, ஆளும் வேணாம் சாமியும் வேணாம், பாக்க அழகா வேற ஏதாவது போடுங்க என்றார். சாமிதுரை இயற்கைக் காட்சி ஆல்பத்தை எடுத்து நீட்டினார், சுவிட்சர்லாந்து மலை. எனக்கு உன் ஞாபகம் வந்தது. காலேஜ் லீவில் ஒரு வாரம் தஞ்சாவூர்த் தெருவெல்லாம் அலைந்து நீ எடுத்த படங்கள். கோபுரத்தை விட்டுவிட்டுத் தெருக்குழாயைப் படம் எடுக்கிற பைத்தியம் உண்டா, ஃபிலிம் என்ன மரத்திலா காய்க்கிறது என்று அன்றைக்கு நான் கத்தியது உனக்கு மறந்திருக்காது. அந்தக் குழாய்தான் இப்போது ஏப்ரல் மாதப் படம். குழாயின் சிங்கமுக வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்குகிறது, அதை நீ எவ்வளவு நேரம் காத்திருந்து எடுத்தாயோ. சினிமா கொட்டகை டிக்கெட் கவுண்டரில் கை பட்டுப் பட்டு வழுவழுப்பான இரும்பு மே மாதம், அப்போதுதானே பிள்ளைகளுக்கு லீவு. புது ஆற்று மதகைத் தூக்கும் சக்கரம் ஜூன், அரண்மனைச் சுவரின் மழைநீர்க் குழாய் நவம்பர். ஒன்று இரண்டு மூன்று என்று எண் எழுதிய கடைப் பலகைகள் பிப்ரவரி. மதகை ஆடிக்குத்தான் வைக்கவேண்டும் என்று சாமிதுரை இரண்டு நாள் சண்டை போட்டார், ஓரமெல்லாம் ரோஜாப்பூ பார்டர் வேண்டும் என்று மூன்று நாள். இரண்டுக்கும் நான் மசியவில்லை.

படங்கள் சிவகாசியில் கலரில் அச்சாகி வந்தன, கீழ்ப்பாதி வெள்ளையாக. தேதிகளை இங்கே சாமிதுரையின் மிஷினில் போடுவதாக ஏற்பாடு. அங்கேதான் உன் அப்பா தன் மேதாவித்தனத்தைக் காட்டினார். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற டி.டி.பி. பெண் அருள்ஜோதி பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் போட்டிருந்தாள். நூறால் வகுபடும் வருடத்துக்கு லீப் கிடையாது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கே இல்லை என்று சிவப்புப் பேனாவால் அதை நீக்கினேன். கம்ப்யூட்டர்லயே இருக்கே சார் என்றது அந்தப் பெண். கம்ப்யூட்டருக்கு இரண்டாயிரம் பிறப்பதே தெரியாது என்றுதானே உலகம் நடுங்குகிறது, அதைச் சரிசெய்யத்தானே என் மகள் அமெரிக்கா போயிருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். பஞ்சாங்கத்துலயும் போட்டிருக்கான் என்று சாமிதுரை முனகினார். அவர் வாயையும் அடைத்தேன். முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியார், யார் எதிர்த்துப் பேசுவார்கள். பிப்ரவரி அச்சாகிவிட்டது, மார்ச் மாதத் தாள் திங்கட்கிழமை மிஷின் ஏற இருந்தது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் உன் போன். அம்மா எனக்குப் புகழ் பாடுவதாக நினைத்து, கம்ப்யூட்டர் பண்ணின தப்பையே அப்பா கண்டுபிடிச்சுட்டாங்க என்று உன்னிடம் அளந்தாள். நான் வழக்கம்போல் அடுத்த அறையில் பேப்பருக்குப் பின்னால். உன் கல்யாணம் முடிந்த இந்தப் பதினான்கு மாதமாக உன் போன் வரும்போதெல்லாம் ஒரே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு வரி ஏறினதில்லை. அம்மா ரிசீவரை நீட்டினாள், கை தானாகப் போய் வாங்கிக்கொண்டது. நீயும் நலமா என்று கேட்கவில்லை, அப்பா நானூறால வகுபட்டா உண்டுப்பா, மார்ச்ச நிறுத்துங்க என்றாய். மார்ச் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு கிழமையும் தப்பு, அந்தக் காலண்டரை நம்பியிருந்தால் ஞாயிறு பூசைக்குத் திங்கட்கிழமை போய் நின்றிருப்போம், டெல்டா முழுக்க எந்த அரிசிக்கடையில் நுழைந்தாலும் என் முட்டாள்தனம் ஆணியில் தொங்கியிருக்கும். அப்போதுதான் நீ போனை உன் கணவரிடம் கொடுத்தாய். மாமா, எங்க ஆபீஸ்ல எல்லாரும் இதே தப்பைத்தான் பண்ணினோம், நீங்க கவலைப்படாதீங்க என்றார். எனக்குக் கணக்கு பாதிதான் தெரியும் லின்சி, ஆனால் மனிதர்கள் பேசுவது புரியும். அப்படி யாரும் பண்ணியிருக்கமாட்டார்கள். வாசற்படி ஏறக்கூடாது என்று நான் சொன்ன பிள்ளை என் மானத்தை மூடப் பார்த்தது. நான் சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

பிப்ரவரிக்கு ஆபத்தில்லை, இருபத்தெட்டுக்குப் பக்கத்துக் கட்டம் காலியாகத்தான் இருந்தது, தாள்களை மறுபடி மிஷினில் விட்டு செவ்வாய்க்கிழமையில் இருபத்தொன்பதை ஏற்றிவிட்டோம். உற்றுப் பார்த்தால் மை கொஞ்சம் கருப்பு அதிகம். மார்ச் முதல் பத்து பிளேட்டும் புதிதாகப் போட்டார்கள். கபீரிடம் மறைக்க மனமில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, உங்க மக எடுத்த படம், உங்க மக காப்பாத்துன தேதி, அப்ப நீங்க என்னதான் சார் பண்ணினீங்க என்று கேட்டார்.

சென்ற புதன்கிழமை இரண்டு காலண்டரைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி நன்னிலம் போனேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உன் மாமனார் இராஜாங்கம் களத்திலிருந்து கால் கழுவாமல் ஓடிவந்தார், உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து. விஷயத்தைச் சொன்னதும் அந்த இடத்திலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டு, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அம்புட்டும் எம் மருமக எடுத்ததா என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு, எம் மருமக எம் மருமக என்று காட்டினார். அவருக்கு அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது. உன் மாமியார் ராமாயி அம்மாள் காபி கொண்டுவந்தார்கள், குடித்தேன். இதெல்லாம் எழுதுகிற விஷயமா என்று கேட்பாய், என் விஷயத்தில் எழுதவேண்டியதுதான். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றதற்கு, கோயிலுக்கு வராத பையன் என்று பங்குச் சாமியாரிடம் நான் காரணம் சொன்னேன். அது சாக்கு. சாதிதான் காரணம், உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் பஸ் ஸ்டாண்டு வரை இராஜாங்கம் கூடவே வந்து, சீட்டுப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத்தான் போனார்.

உங்களுக்கு ஒரு காலண்டர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், வர ஒரு மாதம் ஆகலாம். மாதா உங்கள் இருவரையும் கண்போல் காக்கட்டும், வேலையில் கண் கெடாமல் இருக்கட்டும், வீடு நிறைய பிள்ளைகள் பிறக்கட்டும். மாப்பிள்ளை இளம்பரிதிக்கு என் ஆசீர்வாதம். வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனை நான்தான் எடுப்பேன், எடுத்ததும் அம்மாவைக் கூப்பிடாதே, நீயும் பேசாதே, முதலில் மாப்பிள்ளையிடம் கொடு. மன்னிப்பை உன் வழியாகச் சொல்லி அனுப்பக்கூடாது, நானே என் வாயால் கேட்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சவரியப்பன்