இருமுறை திரும்பி வந்த பேழை

நலம் பெருகுக. வெற்பூர் நாட்டு ஏரிகள் ததும்புக, எருதுகள் இளைக்காதிருக்க, மலைப்பாதைகளில் கல் உருளாதிருக்க.

முத்தாற்று நாட்டின் முடிபுனைந்த அரசியும், துறைகள் தோறும் கலங்கரை விளக்கு ஏற்றியவரும், சுங்கச்சாவடிகளில் கையூட்டு என்னும் சொல்லையே மறக்கச் செய்தவரும் (ஓரிருவருக்கு இன்னும் நினைவிருக்கிறது, அவர்களையும் கவனித்துக்கொண்டிருக்கிறார்) ஆகிய செங்கழுநீர் நங்கையார், பனிமுகடுகளின் காவலரும் தேனும் ஏலமும் மணக்கும் வெற்பூர் வேந்தருமாகிய கண்ணந்தை மழவராயர் திருமுன்னர்க்கு விடுக்கும் திருமுகம். அரசியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் காரி ஆதித்தன் எழுத்தாணி பிடித்தது. அரசியார் சொன்னதோடு நில்லாமல் ஓலைநாயகம் தான் அறிந்ததையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறார். படித்துக் காட்டியபோது அரசியார் ஓரிடத்தில் சிரித்துவிட்டபடியால், அது அனுமதி என்றே கொள்ளப்பட்டது.

வேண்டுகோள் ஒன்றே. எம் நாட்டிலிருந்து தங்கள் மலைவாயில் பண்டசாலைக்கு ஒரு மரப்பேழை மூன்றாம் முறையாக வந்துகொண்டிருக்கிறது. அது இம்முறையும் திரும்பிவிடாதபடி தாங்கள் தயவுசெய்து பார்த்துக்கொள்ள வேண்டும். பேழைக்குள் இருப்பவர் எம் பொதியமைச்சர் கூத்தன் நெடுவேள்.

அமைச்சர் பேழைக்குள் புகுந்த காரணத்தைச் சொல்லுமுன், எம் நாட்டில் பொதிகள் முன்பு எப்படிப் போயின என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சாவடியிலும் வண்டி நிற்கும். வண்டிக்காரருக்கு மோர் வரும். சாவடி அதிகாரி அவருடைய பெண்டு பிள்ளைகளை விசாரிப்பார், பிறகு மாமனாரை, பிறகு மாமனாரின் முழங்கால் வலியை. இது எம் நாட்டு மரியாதை. விசாரிக்காமல் விட்டவர் ஊரில் தலைகாட்ட முடியாது. இதற்குள் துறைமுகத்தில் வஞ்சிரமாக ஏறிய மீன், தலைநகரில் கருவாடாக இறங்கும். போதாததற்கு அரண்மனைக் காவலர்கள் மாம்பழக் கூடைகளைப் பிரித்து, பழம் இனிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். சில கூடைகளில் இனிப்பை உறுதிசெய்ய எல்லாப் பழங்களையும் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு நாடு வளர்ந்தது, வளர்ச்சியென்றால் கண்மண் தெரியாத வளர்ச்சி. நெசவுத்தெருக்கள் பெருகின, புதுப்பட்டினங்கள் முளைத்தன, மக்கள் கைகளில் காசு புரண்டது. கூடவே பொறுமை போயிற்று. காலையில் நினைத்த சேலை மாலையில் வாசலுக்கு வரவேண்டும் என்று வீட்டுக்கு வீடு முழக்கம். வணிகர்கள் அரண்மனை வாயிலில் வந்து நின்று, இப்படியே போனால் தாங்கள் அண்டை நாட்டுக்குக் குடிபெயர்வதாகப் பணிவோடு மிரட்டினார்கள். அப்போதுதான் நெடுவேள் பொதியமைச்சர் ஆனார்.

மனிதர் சாமானியரல்லர். சாவடிகளில் எருதும் வண்டிக்காரரும் மாறலாம், பொதி மட்டும் நிற்கலாகாது என்றார். இறக்கிவிட்டு வரும் வண்டி வெறுமையாகத் திரும்பலாகாது என்றார். தெருமுனைகள் தோறும் சிறு பண்டசாலைகள் எழுந்தன. தங்கள் நாட்டுப் பனிக்கட்டியை வெட்டிவேரில் சுற்றி வைத்து, மீனை மீனாகவே கொண்டு சேர்த்தார். தன் சரக்கு எங்கே போகிறது என்று வணிகர் தவிக்காதிருக்கச் சாவடிகள் தோறும் முரசு வைத்தார்: பொதி கடந்தால் ஓர் அடி, மறுக்கப்பட்டுத் திரும்பினால் ஈரடி, உரியவர் ஏற்றுக்கொண்டால் முரசு விடாமல் அதிரும். அவ்வொலி சாவடிக்குச் சாவடி தாவித் தலைநகர் வந்து சேரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முத்திரையிட்ட பொதியை உரியவர் அன்றி அரசரே ஆனாலும் பிரிக்கலாகாது என்று அரசியாரிடமே ஆணை வாங்கினார். வணிகர்களின் நம்பிக்கை அந்த ஓர் ஆணையில்தான் வேர்விட்டது. இன்னொரு விதியும் உண்டு, அதைச் சொல்ல ஓலைநாயகத்துக்குச் சற்றே சிரிப்பு வருகிறது. ஒருமுறை பண்டிகைப் பரிசாகக் கூண்டில் அனுப்பப்பட்ட மைனா ஒன்று, நிறுத்து, இறக்கு என்று கத்தியபடியே போனது. கீழ்ப்படிதலில் சிறந்த வண்டிக்காரர் கத்திய இடமெல்லாம் இறக்கி ஏற்றி அலைந்து, கடைசியில் பண்டிகை முடிந்து போய்ச் சேர்ந்தார். அன்றுமுதல் பொதி என்ன பேசினாலும் செவிசாய்க்கலாகாது என்பது விதி. இவ்விதியையும் நெடுவேள்தாம் எழுதினார்.

இனித் தங்கள் மலைவாயில் பண்டசாலைத் தலைவி பூங்கொற்றியார். அவ்வம்மையாருக்கும் எம் அமைச்சருக்கும் எல்லையில் நடந்த சண்டைகள் தாங்கள் அறியாதவை அல்ல. பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறது என்று அவர் பொதியைத் திருப்புவார். மூலை பிறவியிலேயே அப்படி என்று இவர் மறுமொழி விடுப்பார். சண்டையிட்டபடியே எம் அமைச்சர் மனத்தைப் பறிகொடுத்துவிட்டார். அம்மையாரின் முறையீடு வராத வாரங்களில் சோறு இறங்காமல், பனிக்கட்டிக் கிடங்கில் போய் உட்கார்ந்துகொள்வார். ஆனால் அம்மையார் எதிரே நின்றால் போதும், அவர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவை நடுங்கப் பேசுகிற மனிதர், எல்லைக்குப் போனால் வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

இந்நிலையில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தாமே பொதியாகப் போய் அம்மையாரின் காலடியில் இறங்குவது. புதிய பொதிவழியின் செம்மையையும் சோதித்ததாகும், மனத்தில் உள்ளதைச் சொல்லாமலே சொன்னதாகவும் ஆகும் என்று கணக்கிட்டார். பேழைக்குக் காற்றுத் துளைகள் இட்டார். அவலும் வெல்லமும் எடுத்துக்கொண்டார். பெறுநர் பூங்கொற்றியார், அனுப்புநர் நெடுவேள், பொருள் எளிதில் உடையக்கூடியது என்று மேலே எழுதச் செய்து, முத்திரையும் இடச்செய்து புறப்பட்டார்.

பொதிவழி அணுவளவும் பிசகவில்லை. அதுதான் வினை. வண்டி எங்கும் நிற்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவருக்கு, பொதியின் பேச்சுக்குச் செவிசாய்க்க விதியில்லை என்று வண்டிக்காரர்கள் மிகுந்த மரியாதையுடன் தெரிவித்தார்கள். தன் விதி இவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பேணப்படுவதைக் கேட்டு அமைச்சருக்குப் பெருமையில் கண்ணீர் வந்தது. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது வேறு காரணத்தாலும் வந்தது.

மலைவாயிலில் பூங்கொற்றியார் பேழையைச் சுற்றி வந்து பார்த்தார். தாம் கேட்டு வரவழைக்காத பொருளைப் பிரிக்காமலே திருப்பலாம் என்ற எம் விதியை அவரும் தம் பண்டசாலையில் ஏற்றிருக்கிறார். உள்ளே இருந்தவருக்கோ, அக்குரலைக் கேட்ட மாத்திரத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு தும்மல் மட்டும் வெளிவந்தது. அது போதுமான விளக்கமாகப் படாததால் பேழை திரும்பியது. முரசு ஈரடி அடித்தது.

திரும்பிய பொதியை அனுப்பியவர் வீட்டில்தான் இறக்க வேண்டும். அனுப்பியவர் வீட்டில் இல்லை. அனுப்பியவர் வீட்டில் இல்லையென்றால் பொதியை மீண்டும் பெறுநருக்கே அனுப்ப வேண்டும் என்பதும் அவருடைய விதியே. எருது மாற்றினார்கள். போனார்கள்.

உள்ளிருப்பவர் யார் என்பது இதற்குள் வண்டிக்காரர்கள் வழியே தலைநகருக்கே தெரிந்துவிட்டது. அரசியார் ஒரு சொல் சொன்னால் பேழை திறந்துவிடும். ஆனால் வீதியின் இருபுறமும் வணிகர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தன் ஆளுக்காக அரண்மனை இன்று முத்திரையை உடைத்தால், நாளை மாம்பழக் கூடைக்காகவும் உடைக்கும் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. அரசியார் அன்று முழுவதும் உண்ணவில்லை. பொதிக்கு உணவு தரலாகாது என்று எவ்விதியிலும் இல்லாததைக் கண்டுபிடித்தவர் ஓலைநாயகம்தான். அதன்பின் பேழை வீதியைக் கடக்கும்போதெல்லாம் பெண்கள் வண்டியோடு ஓடிக் காற்றுத்துளை வழியே முறுக்கைச் செருகுகிறார்கள், மூங்கில் குழாயால் மோர் ஊற்றுகிறார்கள்.

இரண்டாம் முறை மலைவாயிலில் நடந்ததை வண்டிக்காரர்கள் வந்து விண்ணப்பித்தார்கள். முகம் பார்க்கத் தேவையில்லாத தைரியமோ, பசியோ, அமைச்சரின் நாக்கு அவிழ்ந்துவிட்டதாம். அம்மையாரின் முறையீடு வராத வாரம் தமக்கு வாரமே அல்ல என்றும், உலகத்துப் பொருளையெல்லாம் உரியவரிடம் சேர்க்கத் தெரிந்த தமக்குத் தம்மை மட்டும் சேர்க்கத் தெரியவில்லை என்றும் பலகைக்குள்ளிருந்து சொன்னாராம். பண்டசாலையே வேலையை விட்டுவிட்டுக் கேட்டதாம். அம்மையார், பொதியின் பேச்சுக்குத் தாம் செவிசாய்க்கலாகாது என்றும், ஆயினும் இப்படியொரு பொருள் தமக்குத் தேவைதானா என்று எண்ணிப் பார்க்க அவகாசம் வேண்டும் என்றும் கூறித் திருப்பி அனுப்பினாராம். அனுப்புமுன் மூலைகளைத் தடவிப் பார்த்தாராம்.

மழவராயரே, இப்போது நடப்பது மூன்றாம் பயணம். மும்முறை மறுக்கப்பட்ட பொதியைச் சந்தையில் ஏலம் விடவேண்டும் என்பது எம் நாட்டு விதி, அதை எழுதியவர் யார் என்று மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. உப்பு வணிகர் ஒருவர், அமைச்சர் கணக்கும் பார்ப்பாரா என்று இப்போதே விசாரிக்கிறார். அரசியார் சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார், ஆனால் சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாட்டுக்குச் சக்கரம் மாட்டிய மனிதர் சந்தையில் நிற்பதை அவரால் பார்க்க முடியாது. ஒரு பெண்ணின் மனத்துக்கு ஆணையிடும்படி தங்களைக் கேட்பதும் முறையன்று. ஆகவே அரசியார் கேட்பதெல்லாம், அவ்வம்மையாருக்கு எண்ணிப் பார்க்க இன்னும் அவகாசம் வேண்டுமாயின் பேழையைத் திருப்பாமல் மலைவாயிலில் நிழலில் வைத்திருக்கத் தாங்கள் இடம் தரவேண்டும் என்பதே.

இவ்வளவு எழுதி, முத்திரைக்கு அரக்கு உருக்கும் வேளையில் மேற்கே முரசு கேட்டது. அரண்மனையும் வீதியும் அடிகளை எண்ணத் தொடங்கின. முதல் அடி விழுந்தது. இரண்டாம் அடியும் விழுந்தது. அரசியார் கண்களை மூடிக்கொண்டார். மூன்றாவது அடி விழுந்தது, பிறகு நான்காவது, பிறகு எண்ண முடியவில்லை. முரசு விடாமல் அதிர்ந்தது. பொறாமையில் புகழ்பெற்ற துணி வணிகர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அரசியார் அரக்குக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு எழுந்தார். அரக்கு கொட்டிய ஓலைநாயகத்தின் மடி இன்னும் எரிகிறது.

ஓலையில் கீறிய எழுத்தை அழிக்க வழியில்லை. ஆகவே நிறைவேறிவிட்ட வேண்டுகோளையும் தாங்கள் படிக்க நேர்ந்தமைக்குப் பொறுத்தருள்க. வேண்டுகோளின் இடத்தில் இப்போது வேறொன்று நிற்கிறது. ஏற்றுக்கொண்ட பொருளைத் திரும்பக் கேட்க எம் விதியில் இடமில்லை, எமக்கோ பொதியமைச்சர் இல்லை. திரும்பும் வண்டி வெறுமையாக வரலாகாது என்பதைத் தங்கள் நாடும் ஏற்றுக் கையொப்பமிட்டிருக்கிறது. எனவே அவ்வண்டியில் பூங்கொற்றியாரும், அவருடைய உடைமை என்ற முறையில் நெடுவேளும், திருமண விருந்துக்குத் தாங்களும் ஏறிவர வேண்டும். இம்முறை வண்டி ஒவ்வொரு சாவடியிலும் நிற்கும். மோர் உண்டு. மாமனாரின் முழங்கால் வரை விசாரிக்கப்படும்.

இது செங்கழுநீர் நங்கையார் ஆணை. அச்சாணி கழலாத வரையும், ஆற்றில் நீரோடும் வரையும் இரு நாட்டு வழிகளும் ஒன்றாயிருக்க. மீன் முத்திரை இடப்பட்டது.

முத்திரைக்குக் கீழே ஒரு வரி. மலைவாயிலிலிருந்து பூங்கொற்றியாரின் பெறுகைச் செய்தி சற்றுமுன் வந்து சேர்ந்தது. பேழையின் மூலை நசுங்கியிருப்பதாகவும், அதுபற்றி இனி ஆயுள் முழுவதும் நேரிலேயே முறையிட்டுக்கொள்வதாகவும் தெரிவித்திருக்கிறார்.