மூன்று மணிக்கே போய்விட்ட கடைசி பஸ்

வடகரப்பதி
புரட்டாசி 5

அன்பு மகள் கௌசிகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அண்ணனும் புது அண்ணியும் நலம். உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை, உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்பது இந்த ஊரில் எனக்கும் அம்மாவுக்கும் பெரியப்பா மகள் மௌனிகாவுக்கும் தெரியும். போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம், நான் போனை எடுத்தாலே "கௌசியா? எங்கிட்டக் குடுங்கப்பா" என்று உன் அண்ணன் பூபதிராஜா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான். வாட்ஸ்அப்பில் எழுதினாலும் அவன் கண்ணில் படும். அவனுக்குத் தெரியாமல் உன்னைத் திட்ட எனக்கு வேறு வழியில்லை.

நீ ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போனதிலிருந்து சனி ஞாயிறானால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், முதலில் எது கிளம்புகிறதோ அதில் ஏறிக்கொள்வேன், போர்டைக்கூடப் படிக்க மாட்டேன் என்று பெருமையடிப்பாய். நானும் ஒரு மடையன், நீ அனுப்பிய படங்களைப் பால் சொசைட்டியில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் திங்கட்கிழமை விடிகாலை உனக்கு விமானம், புதன்கிழமை அண்ணனுக்கு முகூர்த்தம். ஞாயிற்றுக்கிழமை உன்னை யார் பஸ் ஏறச் சொன்னது? கேட்டால், சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன், கடைசி பஸ் மூன்று மணிக்கே போய்விட்டது, டாக்ஸியும் கிடைக்கவில்லை, அடுத்த பஸ் மறுநாள் பத்து மணிக்குத்தான் என்கிறாய். கோழிஞ்சாம்பாறையிலிருந்து கோயமுத்தூர் போகிற பஸ் என்று நினைத்தாயா, ஒன்றை விட்டால் பின்னாலேயே இன்னொன்று வர? போனது போகட்டும், ஒரு டீ குடித்துவிட்டு அடுத்ததில் வா என்று உன்னைப் பழக்கியவன் நான்தான், அதுவும் சேர்ந்துதான் எரிகிறது. சரி, தவறியது தவறிவிட்டது. அடுத்த விமானத்தில் ஏறியிருந்தால் புதன் சாயங்காலமாவது வாசலில் வந்து நின்றிருப்பாய். "முகூர்த்தம் முடிஞ்ச பொறகு வந்து என்னப்பா பண்றது, தீவாளிக்கு வர்றேன்" என்றாய். எனக்கு வயிறெரிவது பஸ்ஸுக்காக இல்லை, இந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

இணைச்சீர் என்றால் என்னவென்று மறந்துவிட்டாயா? மாப்பிள்ளை பக்கத்தில் கூடப்பிறந்தவள் நிற்க வேண்டும். மணப்பெண் உடுத்தப் போகிற கூறைப்புடவையின் ஒரு நுனி அவனிடம், மறுநுனி அந்தக் கூடப்பிறந்தவளிடம். எவள் இந்த வீட்டுக்கு வந்தாலும் உன் இடம் உனக்குத்தான் என்று அண்ணன்காரன் நாலு பேர் அறியச் சொல்கிற சீர் அது. சீர் நடத்திய அருமைக்காரர் கந்தப்பனுக்கு வயதாகிவிட்டது, நீ வரவில்லை என்று சொல்லியிருந்தும் மறந்துவிட்டார். "கௌசிகா, வா சாமி" என்று பந்தலில் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். உன் அண்ணன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். நீ வர மாட்டாய் என்று தெரிந்தும் பார்த்தான். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். கடைசியில் மௌனிகாதான் ஓடிவந்து உன் இடத்தில் நின்று நுனியைப் பிடித்தாள்.

ஊர் சுற்றப் போய் விமானத்தை விட்டுவிட்டாள் என்று கல்யாணத்துக்கு நிற்கிறவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடுங்காய்ச்சல், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். பொய் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் பேசியபோது நீ குரலைத் தாழ்த்தி இருமிக் காட்டினாயே, அதை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது? பக்கத்தில் நின்று கேட்ட எனக்கு உன் கன்னத்தில் இரண்டு வைக்கலாம் போலிருந்தது. பத்தாக்குறைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கடலோரத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிற படத்தை வேறு ஊருக்கெல்லாம் போட்டிருக்கிறாய். கல்யாண வேலையில் யாரும் பார்க்கவில்லை, மௌனிகா பார்த்துவிட்டாள். பார்த்த பிறகும்தான் சீருக்கு நின்றாள். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சித்தப்பா, நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க. அண்ணன் பாக்கறக்குள்ள அந்தப் போட்டோவ எடுத்துப்போடச் சொல்லுங்க" என்றாள். அந்தப் பிள்ளை முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நீ படத்தை எடுத்துவிட்டாய், சரி. பார்த்த கண்ணை என்ன செய்வாய்?

தென்னைக்கு இந்த வருஷமும் வெள்ளை ஈ. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, சாப்பாடு மட்டும் இறங்குவதில்லை. உன் அண்ணன் புதுப்பெண்டாட்டியை மலம்புழாவுக்குக்கூடக் கூட்டிப்போகவில்லை. "கௌசிக்கு ஒடம்பு தேறட்டுமுங்கப்பா, அப்பறம் போயிக்கறோம்" என்கிறான். உன்னை நேரில் வந்து பார்க்கப் பாஸ்போர்ட்டுக்கு வேறு எழுதிப் போட்டிருக்கிறான். கௌசிகா, இதை நான் அவனிடம் சொல்லப் போவதில்லை. நீ சொல். திட்டினால் வாங்கிக்கொள், ஆறு மாதம் பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள். வேறு யார் வாயிலிருந்தாவது அவன் கேட்டுவிட்டால் அப்புறம் நீ தங்கை என்று இந்த வீட்டுக்குள் வர முடியாது, அந்தப் பயத்தில்தான் இத்தனை கத்துகிறேன். பஸ்ஸே ஏறாதே என்று சொல்லவில்லை. ஏறு, நன்றாகப் பார். ஏறுமுன் திரும்பி வரும் கடைசி பஸ் எப்போது என்று டிரைவரைக் கேள். குளிருக்குக் காதை மூடு, ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு என்றுதான் இந்தக் கோபத்திலும் வாய் வருகிறது.

இவ்வளவுதான் என்று உறையை எடுத்தபோது பூபதி வந்தான். யாருக்கு என்று கேட்டான், உனக்கு என்றேன். இருங்கப்பா என்று உள்ளே போய் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தான். உனக்காக வேண்டிக்கொண்டு வெறுங்காலோடு மருதமலைப் படியேறி வாங்கி வந்த திருநீறாம். "மூணு நாளைக்குக் காலைல நெத்தில இட்டுக்கச் சொல்லுங்கப்பா, காய்ச்சல் எறங்கிப்போயிரும்" என்றான். இதோடு வைத்திருக்கிறேன். இட்டுக்கொள்ளுமுன் அவனுக்குப் போன் செய்.

இன்னும் ஆறாத கோபத்துடன்,
உன் அப்பா
ரத்தினசாமி