பல்லாஸில் ஒருவர் வாங்குகிறார்

2 மார்ச் 2141, 08:10
வெஸ்டா சிறுகோளின் பனிக்கிடங்கு. பொறுப்பாளர் ஜெசிந்தா பர்னாந்து, தனியாள். காற்றழுத்தம் சீர். சூரியப் புயலில் போன ஆன்டெனா இன்னும் சரியாகவில்லை. வெளியுலகத் தொடர்பு என்றால் பனிச் சந்தையின் விலைத் திரை மட்டும்தான். மற்ற கிடங்குகளில் ஆட்களை எடுத்துவிட்டு இயந்திரங்களை வைத்துவிட்டார்கள் என்று கேள்வி.

விலை இறங்குகிறது. பங்கு வர்த்தகம் செய்த காலத்துப் பழக்கத்தில் கோடுகள் போட்டேன். ஏறிய உயரத்தில் 38.2 சதவீதம் திரும்பி இறங்கினால் ஒரு கோடு, பாதிக்கு ஒன்று, 61.8-க்கு ஒன்று. இறங்கும் விலை இவற்றில் ஏதாவதொன்றில் நின்று திரும்பும் என்பது நம்பிக்கை. 61.8-இல் வாங்கினேன். திரும்பியது.

19 மார்ச், 13:40
மறுபடி 61.8. நான் கைவைக்கவில்லை. ஆனாலும் யாரோ சரியாக அந்தக் கோட்டில் வாங்கினார்கள். இயந்திரங்கள் கோடு பார்ப்பதில்லை. கைமாறும் சரக்கோடு ஒரு குறிப்பு அனுப்பலாம். அதே கோட்டு விலையில் ஒரு கிலோ விற்று, அனுப்பினேன்.

“61.8-ல வாங்குறது யாரு?”

20 மார்ச், 07:05
“பல்லாஸ் கிடங்கு. செய்யது முகைதீன், காயல்பட்டினம். நீங்களும் கோடு போடுற ஆளா?”

தூத்துக்குடி என்றேன்.

“அப்ப பக்கத்து ஊருதான். அக்கான்னு கூப்பிடலாமா?”

சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் காதுக்கே அது வேறு யாரோ சிரிப்பதுபோல் இருந்தது.

6 மே, 16:30
பேசுவதற்காகவே ஒரு கிலோ விற்கிறேன், ஒரு கிலோ வாங்குகிறார்.

“இந்தக் கோடெல்லாம் எப்படிக்கா வேலை செய்யுது?”

“எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு நிக்கிறதாலதான் தம்பி. கணக்குல ஒண்ணும் இல்ல.”

என் சரக்கு விற்றுப்போயிற்று. அதை ஏற்ற ஆளில்லாச் சரக்குக் கப்பல் இங்கே கிளம்பிவிட்டது. அதில் ஒருவர் படுக்க இடமுண்டு. ஊருக்குப் போகிறேன்.

11 மே, 10:20
பல்லாஸ் மொத்தமாக விற்கிறது. 38.2 உடைந்தது. காரணம் கேட்டேன். 

15:00
பாதிக் கோடும் போயிற்று. 61.8-இல் நிற்கும்.

18:30
நிற்கவில்லை.

“அக்கா, காத்து மிஷின் நின்னுட்டு. இவ்வளவு நேரம் அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். சிலிண்டர் ஒரு மாசம் வரும். சரக்கு வித்தாதான் கப்பல் இங்க வரும். வாங்கத்தான் ஆளில்ல.”

இத்தனை நாளும் அந்தக் கோட்டில் நின்றது நாங்கள் இருவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் விற்கிறார். மிச்சம் நான்.

12 மே, 11:15
கப்பல் ஒரு சுற்றில் ஒரு கிடங்குக்குத்தான் போகும். எங்கே பெரிய விற்பனையோ, அங்கே. அடுத்த சுற்றுக்குள் என் சாப்பாடு தீர்ந்துவிடும்.

விரலை வாங்கும் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்துபோய், கட்டிவைத்த பெட்டியைத் திறந்து துணிகளைப் பார்த்தேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

அவருடைய பனி முழுவதையும் கிடங்கின் கணக்கில் வாங்கினேன். கப்பல் திசை மாறியது.

“அக்கா, அது உங்க கப்பல்லா?”

“ஏறிட்டுப் பேசு.”

9 ஜூன், 11:50
“கப்பல் வந்துட்டுக்கா. ஏறப்போறேன். ஊருக்குப் போனதும் வேற கப்பலுக்கு ஏற்பாடு பண்ணுறேன். தேதியை இதே திரையில சொல்லுறேன். அணைச்சிராதீங்க.”

12:20
சந்தையின் தானியங்கி அறிவிப்பு: “மனிதப் பங்கேற்பாளர்: ஒருவர். விதிப்படி இருவர் தேவை. சந்தை மூடப்படுகிறது. இணைப்பு துண்டிக்கப்படும்.”

ஒரு கிலோ விற்கப் போட்டேன். குறிப்பில் என் பெயர். வாங்க ஆளில்லை. குறிப்பு போகவில்லை.

14:00
திரை இருண்டுவிட்டது. இதை அச்செடுத்து வெளிக்கதவில் ஒட்டுகிறேன்.

வருகிறவருக்கு: உள்ளே ஆள் இருக்கிறது. தட்டுங்கள். சத்தம் வராவிட்டால் உடனே போய்விடாதீர்கள். கிடங்கு நீளம். அந்தக் கோடியிலிருந்து நான் நடந்து வர நேரமாகும்.