சவரியின் சாக்கில் இல்லாத கல்

சாமி,

லோரியை விற்கப்போகிறேன். நோவா பேழையைக் கட்டி முடித்த கையோடு மிச்சப் பலகையில் இதைச் செய்திருப்பார் என்று கேலி பண்ணுவீர்களே, அதே லோரிதான். நேற்றுக் காலை இருக்கைக்குப் பின்னால் துடைக்கும்போது உங்கள் ரப்பர் பூட்ஸ் அகப்பட்டது. இடது காலில் மட்டும் சேறு, காய்ந்து வெடித்திருந்தது. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீங்கள் எஸ்டேட் மண்பாதையில் இறங்கினால் செங்கடல்கூடப் பயந்து ஒதுங்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரி மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்க முடியவில்லை.

வாரத்தில் ஆறு நாள் திரிங்காப் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றிய லோரி, ஏழாம் நாள் ஒரு குருவானவரை ஏற்றியது. டவுனில் பூசை முடிந்ததும் உங்களை எங்கள் எஸ்டேட் சிற்றாலயத்துக்குக் கொண்டுவருவது என் பொறுப்பு. பிரிஞ்சாங் ஊரைத் தாண்டியதும் ஆரம்பிப்பீர்கள்: "இந்த வாரம் லைன்ல என்னப்பா சேதி?" பிரசங்கத்துக்குச் சுள்ளி பொறுக்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் காட்டையே வெட்டிக் கொடுப்பேன். கியா பார்ம் வளைவில் ஒரு லோரி சாய்ந்து நாற்பது முட்டைக்கோஸ் உருண்டதை நாலாயிரமாக்கி, அதில் ஒன்று எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி வணக்கம் சொன்னதாகக் கதைவிட்டேன். நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். பிறகு பீடத்தில் நின்று, பாலைவனத்தில் மன்னா பொறுக்கியவர்களைப் பற்றிப் பேசினீர்கள். நாளைக்கென்று பதுக்கியது புழுத்துப்போன இடம் வந்ததும் முன்வரிசைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாதிக் கோஸ் அவர்கள் வீட்டில்தான் இருந்தது.

"வேதம் எருசலேம்ல முடிஞ்சு போகல. இங்க கொழுந்து நிறுக்கிற தராசுகிட்ட நிக்குது" என்பீர்கள். அந்தத் தராசுக்கு ஒரு நாள் நான்தான் உங்களை அழைத்துப்போனேன்.

சவரியைச் சொல்கிறேன். எங்கள் லைன் வீட்டு வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருந்தவன். கொழுந்து வெட்டுவதில் எஸ்டேட்டிலேயே வேகமான கை. எனக்கு மச்சான் முறை, சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவன். அந்த வாரம் முழுக்க மழை. நனைந்த கொழுந்து கனக்கத்தானே செய்யும்? எடை போட்டுக் கணக்கெழுதும் கிராணி, என்னடா, உள்ளே கல்லு வச்சிருக்கியா என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறான். சவரியும் சிரித்திருக்கிறான். நடந்தது அவ்வளவுதான். என் வாய் வழியாக உங்களிடம் வந்து சேர்ந்தபோது அந்தச் சாக்கில் அம்மிக்கல் அளவு ஒரு கல் இருந்தது, அதைத் தூக்கிப்போட நாலு ஆள் வேண்டியிருந்தது, தராசு முள் சுழன்று சுழன்று மயங்கி விழுந்தது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மடியில் இருந்த வேதப் புத்தகத்தைப் புரட்டினீர்கள். அப்போதாவது, பொய் சாமி என்று நான் சொல்லியிருக்கலாம். கதை இவ்வளவு நன்றாகப் பலித்ததே என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அன்றைய வாசகம் ஆமோஸ் ஆகமம். கள்ளத் தராசு. நீங்கள் பெயர் சொல்லவில்லை. ஆனால் கொழுந்துச் சாக்கு என்றீர்கள், கல் என்றீர்கள். நாற்பது வீட்டு லைனில் அதற்கு மேல் என்ன வேண்டும். சவரி மனைவியோடு நாலாவது பெஞ்சில் இருந்தான். நற்கருணை நன்மை வாங்க எழுந்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவன் 'கல்லுச் சவரி'. விளையாட்டாகக் கேட்ட அதே கிராணி, சாமியே சொல்லிவிட்டார் என்று, தினமும் எல்லார் முன்னாலும் அவன் சாக்கைத் தரையில் கொட்டிக் கிளறிப் பார்த்த பிறகுதான் எடை போட்டான். ஒரு கல்லும் வரவில்லை. வரவில்லை என்பதற்காகப் பெயரும் போகவில்லை. இரண்டு மாதத்தில் சவரி லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்துக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு எந்தக் கோயிலுக்குள்ளும் அவன் கால் வைக்கவில்லை.

நான் உங்களிடம் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இல்லை. குடித்தது, கோபப்பட்டது, எல்லாவற்றையும் ஒட்டகம் ஒட்டகமாக ஓட்டிவந்து நிறுத்தினேன். இந்த ஒரு கொசுவை மட்டும் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று பன்னிரண்டு வருஷம். நீங்கள் கீழே ஈப்போவில் கண்ணை மூடினீர்கள்.

இப்போது மாதம் ஒரு பூசைதான். லைனில் பாதிக்கு மேல் பங்களாதேஷ் பையன்கள். மிச்சமிருக்கிற நாங்கள் உபதேசியார் பின்னால் உட்கார்ந்து செபம் சொல்கிறோம். உங்கள் முப்பதாம் நாள் செபத்தில் பேசச் சொல்லி உபதேசியார் என்னைக் கேட்டார். "நீங்கதான லோரில கூட்டிட்டு வந்தீங்க, மாமா. ரெண்டு வார்த்த நல்லதா." நல்லதாக என்ன சொல்ல? முதலில் சவரியிடம் போனேன்.

செவ்வந்தியைக் கட்டுக்கட்டாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். "வா" என்றான். மச்சான் என்று சேர்க்கவில்லை. மழை, கிராணி, என் வாய், எல்லாவற்றையும் ஒன்று கூட்டாமல் ஒன்று குறைக்காமல் சொன்னேன். என் ஆயுளில் நான் உள்ளபடி சொன்ன முதல் கதை அது. அவன் கை நிற்கவில்லை.

"தெரியும். சாமி வந்தாரு. மூணு தடவ. மொத ரெண்டு தடவ நான் கதவத் தொறக்கல."

கிராணியை நீங்களே போய்க் கேட்டு உண்மையைத் தெரிந்துகொண்டீர்களாம். மூன்றாவது தடவை உள்ளே விட்டிருக்கிறான். "ஆமோஸு மொதலாளிமாரோட தராச ஏசுனவரு. நீங்க அதத் திருப்பி என் சாக்கு மேல போட்டுட்டீங்க சாமின்னேன். ஆமாப்பா, நாந்தான் தப்பா வாசிச்சிட்டேன், மன்னிச்சிருன்னாரு. கையப் புடிச்சிக்கிட்டு அழுதாரு. கோயில்லயே சொல்றேன்னாரு. வேணாம்னுட்டேன். திரும்பவும் எல்லாரும் என்னையத்தான லா பாப்பாங்க?"

என் பெயரைச் சொன்னாரா என்று கேட்டேன்.

"ஒரு வார்த்த சொல்லல. நானும் கேக்கல. அந்த லோரில வேற யாரு இருந்தா?"

மன்னித்துவிடு என்றேன். அவன் முதல் தடவையாகப் பூவைக் கீழே வைத்தான். கோபமே இல்லாமல் சொன்னான்: "அவரு கேட்டாரு, குடுத்துட்டேன். எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். உனக்கு இன்னொண்ணுக்கு நான் எங்க போவேன்?"

ஞாயிற்றுக்கிழமை உங்கள் முப்பதாம் நாள் செபத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "சொல்லிப் பாரு" என்றான்.

ஆக, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் பன்னிரண்டு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வாரம் என்ன சேதி என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தீர்களோ? நான் உங்களுக்குக் காட்டுப்பன்றி கதை சொன்னேன், சாமி. ஸ்ட்ராபெரி தின்று போதையேறிய குரங்கின் கதை சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள்.

முப்பதாம் நாள் எழுந்து நின்றேன். பதினோரு பேர். சவரி சாக்கில் கல் இல்லை, அந்தக் கல்லைச் செய்தவன் நான்தான் என்று ஆரம்பித்தேன். பின்னால் யாரோ, "மாமா ஆரம்பிச்சிட்டாரு லா" என்றார்கள். உடனே ஒரு சிரிப்பு, பிறகு இன்னொன்று. அம்மிக்கல், நாலு ஆள் என்று நான் சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. நான் அழுததைக்கூட நடிப்பு என்று நினைத்தார்கள். முடிந்ததும் வெளியே வந்து முதுகில் தட்டி, சாமி போன துக்கத்தையே மறக்கடித்துவிட்டாய் என்று ஒரு பெரியவர் பாராட்டினார். பேச்சோடு பேச்சாக, அந்தக் கல்லுச் சவரி இப்போது எங்கே இருக்கிறான் என்றும் கேட்டார்.

நான் சொன்னதையெல்லாம் நம்பிய ஒரே ஆள் நீங்கள். அன்றைக்கு ஒரு நாள் நம்பாமல் இருந்திருக்கலாம். இல்லையென்றால் போன மாதம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நம்புவதற்காவது உயிரோடு இருந்திருக்கலாம். கடுகு கிடைத்தால் மலையாக்கி விற்றவனிடம், கூட்டாமல் குறைக்காமல் ஒரே ஒரு உண்மை இருக்கிறது. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் அதை நான்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.