செல்விக்குப் பதிலாக நான் சொன்னது

வியாழக்கிழமை, ராத்திரி.

பிள்ளை பெற்ற பெண்களின் மனசை ஆராயும் டாக்டரம்மா இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்தார். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் முறையைக் காட்டிவிட்டு, என் மருமகள் செல்வியிடம், "அடிக்கடி அழுகை வருதாம்மா?" என்று கேட்டார்.

வழக்கம்போல் நான் முந்திக்கொண்டேன். "இவ அழுதா ரிங்லெட் டேமே நெரம்பிடும்லா. நல்லாத்தான் இருக்கா."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். செல்வி சிரிக்கவில்லை. எண்ணெய்க் கை பிள்ளைமேல் படாமல் அப்படியே நின்றது.

"தொடவே பயமா இருக்கு மாமா. நானே புள்ளைய ஏதாச்சும் செஞ்சிடுவேனோன்னு."

மகன் லோரி ஓட்டிக்கொண்டு கிளந்தான் மாநிலத்துக்குப் போயிருக்கிறான். பிள்ளையை என் பாயில் போட்டுக்கொண்டேன். விடிந்ததும் செல்வியைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நான் சொன்னது பொய் என்று டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் அவள் தூங்கவில்லை. கூப்பிட்டால் "உம்" என்கிறாள். இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறேன்.