ஒற்றை ஏட்டு அவுட்போஸ்ட்

9.10.2007
அண்ணாகிராமம் பக்கத்தில் இந்த அவுட்போஸ்ட்டுக்கு மூன்று பேர் வேண்டும். போன வருடத்திலிருந்து நான் ஒருவன்தான். பாரா நிற்பதும் நானே, பெருக்குவதும் நானே. சிதம்பரத்தில் திருவிழா என்றால் என்னையும் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொள்வார்கள். அன்று ஊருக்குக் காவல் நான் போட்ட பூட்டு.

இன்று முந்திரித் தோப்பில் வேலித் தகராறு. இரு தரப்பையும் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துப் பேசி முடித்தேன். வழக்கம்போல எதையும் எழுதவில்லை. எழுதினால் கோர்ட்டு, வக்கீல், ஜென்மப் பகை.

22.10.2007
இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். ஒரு புகாரும் பதிவாகாத இடத்துக்கு அவுட்போஸ்ட் எதற்கு என்று மேலே கேட்கிறார்களாம். பொங்கலுக்குள் மூடிவிட்டு என்னைப் பெண்ணாடத்துக்கு அனுப்பப் போகிறார்கள். மகள் காயத்ரிக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. கணக்குப் பாடத்துக்கு அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை.

நல்லா வேலை பார்த்ததுக்கு இதுதான் கூலியா?

23.10.2007
எதிர் டீக்கடை பொன்னியிடம் புலம்பித் தொலைத்தேன்.

25.10.2007
விடிந்ததும் வாசலில் கூட்டம். ஊரே புகார் கொடுக்க வந்திருக்கிறது. முதல் ஆள் பொன்னி. ஆடு திருடு போய்விட்டதாம். உனக்கு ஏது ஆடு என்றேன்.

"அத ஏன் கேக்கறீங்க ஏட்டய்யா, எழுதுங்க. நீங்க போயிட்டா நான் யார நம்பி கடைய பூட்டிட்டுப் போறது?"

வேலித் தகராறுக்காரர்கள் ஒரே சைக்கிளில் வந்து இறங்கி, ஒருவர்மீது ஒருவர் புகார் கொடுத்தார்கள். பொய் என்று தெரிந்து வாங்கலாமா? கொடுக்கிற புகாரை வாங்க மாட்டேன் என்றும் சொல்லக் கூடாதே — வாங்கிக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

24.12.2007
ஆருத்ரா பந்தோபஸ்து. கால் வீங்கிவிட்டது.

7.1.2008
உத்தரவு வந்துவிட்டது. அவுட்போஸ்ட்டை மூடவில்லை. புதிதாக ஒரு எஸ்.ஐ.யும் மூன்று காவலர்களும் வருகிறார்கள். இரண்டே மாதத்தில் குற்றத்தை இப்படிப் பெருக விட்ட ஏட்டுக்கு மட்டும் பெண்ணாடத்துக்கு மாற்றல்.

10.2.2008, பெண்ணாடம்
பரீட்சைக்காக மனைவியையும் மகளையும் அங்கேயே விட்டு வந்தேன். இப்போதெல்லாம் போனில்தான் கணக்கு. இன்று நடுவில் காயத்ரி ஒரு சேதி சொன்னாள். புது எஸ்.ஐ. ஊர் ஊராக அலைந்து, பொன்னியின் ஆடு இதுதான் என்று ஒன்றைப் பிடித்துவந்து கடை வாசலில் கட்டிவிட்டாராம்.

"பொன்னி அக்கா என்னா பண்றதுன்னு கேக்குதுப்பா."

"கயித்த அவுத்து விடச் சொல்லு. அதுவே அது வீட்டுக்குப் போயிடும். யாரும் எதையும் எழுத வேணாம்."

பிறகு விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தோம்.